கல்யாணப் பூ: நிறத்தைப் பார்ப்பதா, நேரத்தைப் பார்ப்பதா?

கல்யாணத்துக்குப் பூ சொல்லப் போகிறவர்கள் இப்போதெல்லாம் கையில் போனோடுதான் போகிறார்கள். யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாண மேடையின் படம்: வெளிர் ரோஜா நிறம், வெள்ளை, நடுவில் கொஞ்சம் ஊதா. "இதே மாதிரி வேணும்" என்று நீட்டுவார்கள். கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்பது வேறு. எந்த மாதம்? முகூர்த்தம் எத்தனை மணிக்கு? ரிசப்ஷன் முந்தின நாள் சாயங்காலமா, அன்றைக்கேவா? மண்டபம் ஏசியா? தொழில் தெரிந்த பூக்கடைக்காரர் இந்த நாலு கேள்விக்கும் பதில் வாங்கிய பிறகுதான் நிறத்துக்கு வருவார். அவருடைய வரிசைதான் சரி என்பது என் கட்சி. புடவை நிறத்துக்குப் பூ தேடுவது பெரிய வேலை இல்லை. காலை ஆறு மணிக்கு வாடாமல் இருக்கும் பூவைத் தேடுவதுதான் வேலை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூவுக்கு என்று ஒரு தொகை ஒதுக்கினால் அதில் பெரும்பங்கை மேடை சாப்பிட்டுவிடுகிறது. பெண்ணின் தலையில் இருக்கும் பூவையும் இருவர் கழுத்தில் விழும் மாலையையும் கடைசியில் மிச்சக் காசில் பேசுகிறோம். தட்டி முடிக்கிற பேரம் எல்லாம் அங்கேதான் நடக்கிறது. கீழே ஒப்பிடும்போது நான் அந்தத் தொகையைத் தலைகீழாகப் பங்கிட்டுக்கொண்டுதான் பேசுகிறேன். மேடைக்கு ஆயிரம் குறுக்குவழி உண்டு. தலைப்பூவுக்குக் குறுக்குவழி கிடையாது.

தலைக்கு எந்தப் பூ

மல்லிதான், இதில் என்ன ஒப்பீடு என்று கேட்கலாம். மல்லிதான் முதல் தேர்வு, சரி. ஆனால் மல்லிக்கு ஒரு கடிகாரம் உண்டு. அதை மொட்டாகத்தான் பறிக்கிறார்கள். விடியற்காலையில் பறிப்பு தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடித்து மார்க்கெட்டுக்கு அனுப்புகிறார்கள். அந்த மொட்டு அன்று சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு மேல் விரியும். வாசனை உச்சத்துக்கு வருவது அப்போதுதான். மறுநாள் காலையில் இதழ் தளர்ந்து ஓரம் பழுப்பேற ஆரம்பித்துவிடும்.

நம் ஊர் வழக்கப்படி பல வீடுகளில் முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் காலையில் முகூர்த்தம். ரிசப்ஷனுக்கு மல்லி கச்சிதமாகப் பொருந்துகிறது. காலையில் பறித்த பூவை மத்தியானம் கட்டி, ஐந்து மணிக்குத் தலையில் வைத்தால், ஏழு மணிக்குப் பெண் மேடை ஏறும்போது கூடவே பூவும் விரியும். இதற்கு மேல் ஒரு ஏற்பாட்டை யாராலும் செய்ய முடியாது.

முகூர்த்தத்துக்குத்தான் சிக்கல். ஆறு மணிக்கோ ஏழரைக்கோ தாலி கட்ட வேண்டுமென்றால், அன்று விடியலில் பறிக்கும் பூ மண்டபத்துக்கு வந்து சேர வாய்ப்பே இல்லை. முகூர்த்த மல்லி எப்போதும் நேற்றைய மல்லிதான். அதை விரியாமல் வைத்திருப்பதில்தான் கெட்டிக்காரத்தனம். மொட்டு இறுக்கமாக இருக்கும் பூவாகப் பார்த்து வாங்கி, மத்தியானத்துக்குள் கட்டி முடித்து, ஈரத் துணியில் சுற்றிக் குளிரில் வைத்துவிட வேண்டும். ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியானால் பூ ஐஸில் நேராகப் படக் கூடாது. ஃபிரிட்ஜானால் கீழ்த்தட்டு. ஃப்ரீசர் பக்கம் போனால் இதழ் கண்ணாடிபோல் ஆகி, வெளியே எடுத்த அரை மணியில் கருத்துவிடும். பூவின்மேல் தண்ணீர் தெளிக்கிற பழக்கத்தையும் விட்டுவிடுவது நல்லது. துளி தங்கிய இடத்தில்தான் முதலில் கறை விழுகிறது. துணியில் ஈரம் இருந்தால் போதும்.

மதுரை மல்லிக்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தடித்த இதழும் அழுத்தமான வாசனையும் அதன் அடையாளம். அதற்குப் பிறகு எந்த ஊர்க் கடையில் கேட்டாலும் "மதுரை மல்லிதாங்க" என்றுதான் பதில் வருகிறது. அது மதுரையைச் சுற்றியுள்ள நிலக்கோட்டையிலோ திருமங்கலத்திலோ விளைந்த பூவாகவும் இருக்கலாம், சத்தியமங்கலத்து மல்லியாகவும் இருக்கலாம். சத்தி மல்லியும் நல்ல பூதான், அதனால் இதில் சண்டை போட வேண்டாம். ஊர்ப் பெயரைவிட மொட்டு எவ்வளவு இறுகியிருக்கிறது, காம்பு பச்சையாக இருக்கிறதா என்று பார்ப்பது உபயோகமாக இருக்கும்.

அப்புறம் மாதம். பங்குனி முதல் ஆனி வரை மல்லி கொட்டும் காலம். சில நாட்களில் விலை விழுந்து விவசாயிகள் வயிறெரிவதும் அப்போதுதான். பனி விழும் மார்கழி, தையில் செடி மொட்டு வைப்பதே குறைந்துவிடும். பொங்கல் முடிந்ததும் தை முகூர்த்தங்கள் வரிசை கட்டி நிற்கும். வரத்துக் குறைவும் தேவை உச்சமும் ஒன்றாக வருவதால் கிலோ 3,000 ரூபாயைத் தாண்டுவது தையில் அதிசயம் இல்லை. வைகாசியில் அதே பூ சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரே பூ, ஒரே கடை, பத்து மடங்கு வித்தியாசம். "கல்யாணத்துக்கு நாலு கிலோ மல்லி" என்று மாதம் பார்க்காமல் எழுதி வைக்கும் பட்ஜெட்டுக்கு அர்த்தமே இல்லை.

மல்லி கிடைக்காத, கட்டுப்படியாகாத காலத்தில் என்ன செய்வது?

முல்லை அடுத்தது. மொட்டு மெலிது, நீளம். சரம் கட்டினால் மல்லியைவிட நேர்த்தியாக வரும். வாசனை மென்மையாக இருக்கும். தலைவலி வருகிற பெண்களுக்கு மல்லியைவிட முல்லை நல்லது என்று பூக்கட்டும் பெண்களே சொல்வார்கள். விலை மல்லியோடு கூடவே ஏறி இறங்கும். பெரிய மிச்சம் எதிர்பார்க்க முடியாது.

பிச்சி, சென்னைப் பக்கம் ஜாதிமல்லி. மொட்டின் வெளிப்புறத்தில் லேசான இளஞ்சிவப்பு. வாசனையில் மல்லிக்குச் சவால் விடும், ஆனால் தாங்கும் சக்தி குறைவு. விரிந்த கொஞ்ச நேரத்தில் துவண்டுவிடும். மூன்று மணி நேர ரிசப்ஷனுக்கு வைத்துக்கொள்ளலாம். முந்தின நாளே கட்டி முகூர்த்தம் வரை வைத்திருக்க இதை நான் நம்ப மாட்டேன். கன்னியாகுமரி, நெல்லைப் பக்கத்தார் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்குப் பிச்சி இல்லாமல் கல்யாணம் இல்லை. அங்கே தோட்டத்திலிருந்து மண்டபம் வரை தூரம் குறைவு என்பது அவர்களுக்கு உள்ள வசதி.

காக்கடா குளிர்கால நண்பன். மல்லி ஒளிந்துகொள்ளும் மாதங்களில் இது பூக்கும். வெள்ளை வெளேர் என்று இருக்கும், மல்லியைவிட நேரம் தாங்கும். வாசனைதான் ஏறக்குறைய இல்லை. தையில் "மல்லி" என்று வாங்கும் சரத்தில் காக்கடா கலந்திருப்பது உண்டு. மூக்கே காட்டிக்கொடுத்துவிடும். சொல்லிக் கலந்தால் அதில் தப்பே இல்லை. பெண்ணுக்குச் சுத்த மல்லி, தாம்பாளத்தில் வைத்து வருகிறவர்களுக்குக் கொடுக்கும் பூவில் காக்கடாவோடு கொஞ்சம் மரிக்கொழுந்து. இந்த ஏற்பாட்டில் தைக் கல்யாணத்தின் பூக்கணக்கு நன்றாகவே இறங்கும். மரிக்கொழுந்தின் வாசனை காக்கடாவின் குறையை மறைத்துவிடும்.

கனகாம்பரத்தைக் கிலோ விலை கேட்டுப் பயப்படக் கூடாது. அது எடையே இல்லாத பூ. கொஞ்சம் வாங்கினாலே முழக்கணக்கில் வரும். வாசனை கிடையாது, சீக்கிரம் வாடவும் வாடாது. பட்டு நிறத்தோடு ஒட்டி நிற்கும் ஆரஞ்சுக்காக மல்லிக்கு நடுவில் இரண்டு வரி வைத்துக் கட்டினால், விடிகாலையில் மல்லி கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் கண் கனகாம்பரத்துக்குத்தான் போகும். காலை முகூர்த்தத்துக்கு நான் பரிந்துரைக்கும் சரம் இதுதான்.

வாங்கும் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. முழம் என்பது முழங்கையிலிருந்து விரல் நுனி வரை, யாருடைய கை என்பது வேறு விஷயம். நெருக்கிக் கட்டிய முழத்துக்கும் இடைவெளி விட்டுக் கட்டிய முழத்துக்கும் பூவில் இரண்டு பங்கு வித்தியாசம் வரும். கோயிலுக்குப் போகும்போது முழத்தில் வாங்குங்கள். கல்யாணத்துக்கு உதிரிப்பூ இத்தனை கிலோ, கட்டுக்கூலி இவ்வளவு என்று தனித்தனியாகப் பேசுங்கள். வாழைநாரில் கட்டச் சொல்லுங்கள். நாரின் ஈரம் பூவுக்குக் கொஞ்சம் உயிர் கொடுக்கும். நூலில் கட்டினால் காம்பை அறுக்கவும் செய்யும்.

பூச்சடையா, சரமா

வாழைமட்டையிலோ துணியிலோ மொட்டை வரிசையாகத் தைத்து, நடுவில் ரோஜா இதழ், ஜரிகைத் தாள் எல்லாம் வைத்துச் செய்யும் பூச்சடை படத்துக்கு அருமையாக இருக்கும். யோசிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று எடை. பெண் அதைச் சுமந்துகொண்டு ஹோமப் புகையில் குனிந்து நிமிர்ந்து மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். இரண்டாவது, பூச்சடையின் அழகே மொட்டுகள் மூடியிருப்பதில்தான் இருக்கிறது. முந்தின நாள் மாலை தைத்ததைக் குளிரில் வைக்காவிட்டால், காலையில் எல்லாம் விரிந்து வரிசை கலைந்து, தைத்தவரின் வேலை தெரியாமலே போய்விடும். பெரிய பூச்சடையைப் படுக்க வைக்கிற அளவு ஃபிரிட்ஜ் மண்டபத்தில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஆர்டர் கொடுக்கலாம்.

துணியில் செய்த செயற்கைப் பூச்சடை வாடகைக்குக் கிடைக்கிறது. தூரத்துப் போட்டோவுக்குப் பரவாயில்லை. நான் சொல்வது நடுவழி: ஜடை முழுக்க வேண்டாம், மேலே ராக்கொடியைச் சுற்றி ஒரு வட்டம், கீழே குஞ்சலத்துக்கு மேலே ஒரு வட்டம், நடுவில் சுற்றிய சரம். எடை பாதி, செலவு பாதி. சரம் துவண்டால் இடையிலேயே மாற்றவும் முடியும்.

கழுத்துக்கு எந்த மாலை

மாலையில் முதலில் கேட்க வேண்டியது பூ இல்லை, உயரம். மாப்பிள்ளையின் உயரம், பெண்ணின் உயரம் இரண்டையும் மாலை கட்டுபவரிடம் சொல்லிவிட வேண்டும். ஜோடி மாலையை ஒரே அளவில் கட்டுவதுதான் கடை வழக்கம். ஆறடி மாப்பிள்ளைக்குச் சரியான மாலை ஐந்தடிப் பெண்ணுக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கும். அக்கினியை வலம் வரும்போது அதைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டிவரும்.

சம்பங்கி மாலை நம் பக்கத்தின் உழைப்பாளி. நிலத்தடிக் கிழங்கிலிருந்து வரும் தண்டில் பூக்கும் பூ, இதழ் மெழுகு பூசியதுபோல் தடிப்பாக இருக்கும். முந்தின நாள் இரவு கட்டினாலும் காலையில் கம்பீரம் குறையாது. வாசனை உண்டு, கறை கிடையாது, பட்டுப் புடவையை எதுவும் செய்யாது. ஹோமச் சூட்டில் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டிய கல்யாணமா? அங்கே சம்பங்கிக்கு இணை இல்லை. இடையிடையே பன்னீர் ரோஜா, ஓரத்தில் மரிக்கொழுந்து, கீழே குஞ்சம். பழைய பாணிதான், ஆனால் இன்றுவரை தோற்காத பாணி.

பன்னீர் ரோஜா மட்டும் வைத்துக் கட்டுவதில் வாசனை இருக்கிறது, ஆயுள் இல்லை. இதழ் தளர்ந்து உதிரும். மாலை மாற்றும் நேரத்துக்கு மட்டும் போட்டுக் கழற்றிவிடும் மாலையாக இருந்தால் சரி.

இப்போது எல்லோரும் கேட்பது ரோஜா இதழ் மாலை. டச் ரோஸின் இதழ்களைப் பிரித்து, மடித்து, அடுக்கடுக்காகக் கோத்துச் செய்வது. நெருக்கமாக, வழவழவென்று, படத்தில் பார்த்தால் வெல்வெட்டுத் துணி மாதிரி இருக்கும். ஓர் ஆள் பல மணி நேரம் உட்கார்ந்து கோக்க வேண்டும் என்பதால் விலையில் பூவைவிடக் கூலிதான் அதிகம். அந்தக் கூலியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இந்த மாலை கனம். ஈரத்தோடு இருக்கும்போது இன்னும் கனம். பிய்த்த இதழின் விளிம்பு சில மணி நேரத்தில் கருக்க ஆரம்பிக்கும். கருஞ்சிவப்பு இதழ் நசுங்கினால் வெளிர் நிறப் பட்டில் கறை படியும். மாலையோடு சேர்த்துக் கட்டிப்பிடித்து வாழ்த்துகிற உறவினர்கள் உள்ள குடும்பமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். என் தீர்ப்பு இதுதான்: இதழ் மாலை ரிசப்ஷனுக்கு. ஏசி மண்டபம், உட்கார்ந்தோ நின்றோ போஸ், மூன்று மணி நேரம். ஹோமத்துக்கு முன்னால் அது வேண்டாம். இரண்டு இடத்துக்கும் ஒரே ஜோடியை ஓட்டலாம் என்று நினைப்பவர்களுக்குச் சம்பங்கியே போதும்.

சாயம் ஏற்றிய பூக்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நீல ஆர்க்கிட், நீலச் செவ்வந்தி, மினுமினுப்புத் தூவிய ரோஜா. புடவைக்கு ஒத்துப்போகிறதே என்று மாலையில் சேர்த்தால், வியர்வையும் ஈரமும் பட்டு அந்தச் சாயம் சட்டைக் காலரிலும் பட்டுப் புடவையிலும் இறங்கும். மேடையின் பின்புறத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். உடம்பில் படும் எதிலும் சாயப் பூ கூடாது.

நாகர்கோவில் பக்கத்தில் கல்யாணம் என்றால் தோவாளை மாணிக்க மாலை என்று ஒரு வழி உண்டு. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, பச்சைக்கு நொச்சி இலை. இவற்றை மடித்துத் தட்டையாகப் பாய் முடைந்ததுபோல் கட்டுவார்கள். பார்க்க மாணிக்கக் கல் பதித்ததுபோல் தெரியும். 2025ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கனம் குறைவு, வாடுவது மெதுவாக. எனக்கு இதழ் மாலையைவிட இதுதான் அழகு. ஒரே எச்சரிக்கை: அரளிச் செடியின் எல்லாப் பாகமும் விஷம். 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவசம் போர்டு தன் கோயில்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியை நிறுத்தியது அதனால்தான். கழுத்தில் போட்டுக்கொள்வதில் பயமில்லை. பூவைக் கடித்துப் பார்க்கிற வயதுக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் மாலையைக் கழற்றி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

சர்ச் கல்யாணத்தில் மாலையோடு பூச்செண்டும் சேர்ந்துகொள்ளும். வெள்ளை லில்லி வைத்தால், விரிந்த பூவின் நடுவில் இருக்கும் ஆரஞ்சு மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிட்டார்களா என்று பாருங்கள். வெள்ளை உடையில் அந்தப் பொடி பட்டால் துடைக்கத் துடைக்கப் பரவும்.

மேடைக்கு உண்மைப் பூவா, துணிப்பூவா

மேடைக்கு மூன்று வழிதான். செவ்வந்தி, செண்டுமல்லி, சம்பங்கி போன்ற உதிரிப்பூக்களைச் சரம் சரமாகத் தொங்கவிடுவது, காம்போடு வரும் பூக்களை வைத்து நிரப்புவது, செயற்கைப் பூ.

காம்புப் பூக்களில் பெரும்பாலானவை ஓசூர், தளி, பேரிகைப் பக்கத்துப் பசுமைக்குடில்களிலிருந்து வருகின்றன: டச் ரோஸ், ஜெர்பரா. கார்னேஷன் நீலகிரியிலிருந்து வரும். ஆர்க்கிட் பெரும்பாலும் தாய்லாந்து இறக்குமதி. படத்தில் நீங்கள் பார்த்து மயங்கியது இவற்றைத்தான். எல்லாம் ஒரே மாதிரி நேரம் தாங்குவதில்லை என்பதுதான் விஷயம். முந்தின நாள் மாலை நாலு மணிக்கு மேடை முடிய வேண்டும், மறுநாள் காலை ஒன்பது மணி வரை அதே மேடை நிற்க வேண்டும். இடையில் இரவு ரிசப்ஷன் முடிந்ததும் ஏசியை அணைத்துவிடுவார்கள். இந்தச் சோதனையில் அந்தூரியம், ஆர்க்கிட், கார்னேஷன், செவ்வந்தி பாஸாகும். ஜெர்பரா தண்ணீரில் நிற்காவிட்டால் கழுத்தை மடித்துவிடும். ரோஜா நடுவே நிற்கும்: காம்பு ஈரத்தில் இருந்தால் தாங்கும், விளக்குக்குப் பக்கத்தில் செருகியது தாங்காது. கொத்துக் கொத்தாக இருக்கும் ஹைட்ராஞ்சியாவை நம் ஊர் வெயிலில் ஆசைப்பட வேண்டாம்.

பூக்கள் வந்து இறங்கும் இடத்தைக் கவனிக்கிறவர்கள் ரொம்பக் குறைவு. மண்டபத்தில் ஸ்டோர் ரூம் ஒன்றுதான் இருக்கும். அதில் தாம்பூலத்துக்கும் பந்திக்கும் வாங்கிய வாழைப்பழத் தார்கள் பழுத்துக்கொண்டிருக்கும். அதே அறையில் பூப்பெட்டிகளையும் அடுக்குவார்கள். பழுக்கும் வாழைப்பழம் எத்திலீன் என்னும் வாயுவை வெளியிடுகிறது. கார்னேஷனும் ஆர்க்கிட்டும் அந்த வாயுவுக்கு உடனே பணிந்துவிடும். கார்னேஷன் இதழ் சுருண்டு தூங்குவதுபோல் ஆகும், ஆர்க்கிட் உதிரும். பூ பழசு என்று கடைக்காரரிடம் சண்டை நடக்கும். பூவையும் பழத்தையும் வேறு வேறு அறையில் வைத்தால் அந்தச் சண்டைக்கே இடமில்லை. குளிரும் எல்லாப் பூவுக்கும் ஒத்துவராது. ரோஜாவையும் கார்னேஷனையும் நன்றாகக் குளிர வைக்கலாம். ஆர்க்கிட், அந்தூரியம் இரண்டும் வெப்பநாட்டுப் பிள்ளைகள், ஃபிரிட்ஜ் குளிரில் கறுத்துவிடும்.

காம்புப் பூவைச் செருகி வைக்கும் பச்சை நிற நுரைக்கட்டி இருக்கிறதே, அது மக்காத பொருள். தண்ணீர்த் தொட்டி, மண்சட்டி, வாழைத்தண்டு என்று வேறு வழியில் செருகித் தரச் சொல்லிக் கேட்டால் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வாழைத்தண்டில் செருகிய பூ நன்றாகவே நிற்கும்.

உதிரிப்பூச் சரம்தான் இந்த மூன்றில் எனக்குப் பிடித்தது. மஞ்சள் செவ்வந்தியும் செண்டுமல்லியும் மலிவு, ஒன்றரை நாள் அசையாமல் நிற்கும். தென்னங்குருத்துத் தோரணம், மாவிலை, குலையோடு கூடிய வாழைமரம் சேர்ந்தால் மேடை நிறைந்துவிடும். படத்தில் இருந்த வெளிர் ரோஜா நிறம் வராது, உண்மைதான். அந்த நிறம் வேண்டும் என்று பெண் அடம்பிடித்தால் ஜோடி உட்காரும் இடத்தைச் சுற்றி மட்டும் ஓசூர் ரோஜா வையுங்கள். கேமரா பார்ப்பது அந்த ஆறடி அகலத்தைத்தான்.

செயற்கைப் பூவை ஒரேயடியாகத் தள்ளுகிறவன் இல்லை நான். உயரத்தில், முகப்பு வளைவில், பின்திரையின் மேல் பாதியில் துணிப்பூ வைத்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. வாடகைக்கு வந்து அடுத்த கல்யாணத்துக்குப் போகும். வேண்டியதெல்லாம் இதுதான்: ஒப்பந்தத்தில் எது உண்மைப் பூ, எது துணிப்பூ என்று பிரித்து எழுதி வாங்க வேண்டும். "மிக்ஸட்" என்ற ஒரு சொல்லில் மேடை முழுக்கத் துணிப்பூவாக வந்து நிற்கவும் வழி இருக்கிறது. கை எட்டும் உயரம் வரை உண்மைப் பூ என்று எழுதச் சொன்னால் குழப்பம் இராது.

யாரிடம் சொல்வது

நேரே மார்க்கெட்டுக்குப் போவதா, தெருமுனைப் பூக்காரம்மாவிடம் சொல்வதா, எல்லாவற்றையும் டெக்கரேஷன்காரரிடம் ஒப்படைப்பதா?

மார்க்கெட் என்றால் சென்னைக்குக் கோயம்பேடு, மதுரைக்கு மாட்டுத்தாவணி, தெற்கே தோவாளை, திருச்சிக்கு ஸ்ரீரங்கம் சாத்தார வீதி. விலை குறைவு என்பது உண்மை. ஆனால் கல்யாணத்துக்கு முந்தின நாள் வீட்டில் யாருக்கு நேரம் இருக்கிறது? உதிரிப்பூவை வாங்கினால் கட்டுவதற்கு ஆள் வேண்டும். நாலைந்து அத்தை, சித்திகள் உட்கார்ந்து பூக்கட்டும் குடும்பமாக இருந்தால் இது நல்ல வழி, அந்த மத்தியானமே தனிக் கொண்டாட்டம். இல்லாவிட்டால் மிச்சப்படுத்திய காசு ஆட்டோவிலும் அலைச்சலிலும் போய்விடும்.

டெக்கரேஷன்காரர் மேடைக்குச் சரி. தலைப்பூவையும் மாலையையும் "பேக்கேஜில் வந்துரும் சார்" என்று அவர் சொன்னால் நாசூக்காக மறுத்துவிடுங்கள். அவர் அதை இன்னொருவரிடம் வாங்கித்தான் தரப் போகிறார், அவர் கவனமெல்லாம் மேடையில்தான் இருக்கும். தலைப்பூவுக்கு உங்கள் தெருப் பூக்காரம்மாதான். வருஷம் முழுக்க உங்களுக்குப் பூக் கொடுப்பவர், கல்யாணப் பூவில் குறை வைக்க மாட்டார். மாலைக்குத் தனியாக ஒரு மாலை கட்டுபவர். மூன்று பேரிடம் போவது தொந்தரவுதான், ஆனால் மூன்று பேரும் அவரவர் வேலையைச் செய்வார்கள்.

விலையை எப்போது முடிப்பது என்பதிலும் மாதம்தான் பேசுகிறது. தைக் கல்யாணத்துக்கு முன்கூட்டியே ஒரு விலையைப் பேசி அட்வான்ஸ் கொடுத்துவிடுவது நல்லது, அன்றைய மார்க்கெட் ரேட் என்று விட்டால் தலை சுற்றும். ஒன்றே ஒன்று, எடையையும் சேர்த்து எழுதிவிட வேண்டும். விலை ஏறும்போது சரம் மெலிவது இயற்கை. வைகாசிக் கல்யாணத்துக்கு நேர்மாறாக, "அன்றைய ரேட், கட்டுக்கூலி தனி" என்று பேசுங்கள். வரத்து அதிகமுள்ள காலத்தில் முன்விலை பேசினால் நஷ்டம் உங்களுக்கு. ஆவணி இரண்டுங்கெட்டான். முகூர்த்தத்துக்கு முன்னும் பின்னும் விநாயகர் சதுர்த்தி வருகிறதா, கேரளத்தில் ஓணம் வருகிறதா என்று காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தப்பூக் கோலத்துக்காகத் தோவாளையிலிருந்து லாரி லாரியாகப் பூ மேற்கே போகும் நாட்களில் தென்மாவட்டத்தில் செண்டுமல்லி விலையே ஏறிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் விலையைவிடத் தரம்தான் கவலை. நனைந்த மொட்டு பெட்டிக்குள்ளேயே புழுங்கிவிடும்.

சரி, இரண்டு கல்யாணங்களுக்கு மேலே சொன்னதைப் போட்டுப் பார்க்கலாம்.

தை மாதம், சென்னை, காலை ஆறு முதல் ஏழரைக்குள் முகூர்த்தம், முந்தின நாள் ரிசப்ஷன். பெண்ணுக்கு ரிசப்ஷனுக்குச் சுத்த மல்லி. முகூர்த்தத்துக்கு மல்லியோடு கனகாம்பரம், இரவு முழுக்கக் குளிரில். வருகிறவர்களுக்குக் காக்கடாவும் மரிக்கொழுந்தும். கழுத்து மாலை, முகூர்த்தத்துக்குச் சம்பங்கி. ரிசப்ஷனுக்கு இதழ் மாலை, காசு இருந்தால். மேடைக்குச் செவ்வந்தி, கார்னேஷன், மேல் பாதி துணிப்பூ. தலைப்பூவுக்கு எடையோடு முன்விலை. தை ஆரம்பமே ஆனால் பொங்கலுக்கு முன்பே அட்வான்ஸ் கையில் போயிருக்க வேண்டும்.

வைகாசி, மதுரை, காலை ஒன்பதுக்கு மேல் முகூர்த்தம், அன்று மாலையே ரிசப்ஷன், ஏசி இல்லாத மண்டபம். இங்கே மல்லியில் கஞ்சத்தனமே வேண்டாம். தலைக்கும், தாம்பாளத்துக்கும், மாலையின் ஓரத்துக்கும் மல்லியே போகட்டும். முகூர்த்தப் பூ முந்தின நாளுடையது, ஐஸ் பெட்டியில் இருக்கட்டும். மாலை ரிசப்ஷனுக்கு அன்று காலை மாட்டுத்தாவணிக்கு வந்த பூவையே மத்தியானம் கட்டி வைத்துவிடலாம், முதல் நாள் பூவை அதற்கு நீட்ட வேண்டியதில்லை. ரோஜா இதழ் மாலையை இந்த வெயிலில் மறந்துவிடுங்கள். மேடைக்குச் செண்டுமல்லிச் சரமும் குருத்தோலையும். ஜெர்பரா ஒன்றுகூட வேண்டாம். டெக்கரேஷன்காரர் போனில் படம் காட்டினால், மின்விசிறிக் காற்றில் பத்து மணி நேரம் நின்ற பிறகு எடுத்த படம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள்.